எல்லையற்ற கட்டிக்கு எல்லை வரைவோர்

இரு காணிகளுக்கிடையே வேலி எங்கே நிற்கவேண்டும் என்பதில் அயலவர் இருவர் பிணங்கிக்கொண்டால் நாம் என்ன செய்கின்றோம்? உறுதியை எடுத்துப் பார்க்கின்றோம். நில அளவையாளரை அழைக்கின்றோம். பழைய எல்லைக்கல்லைத் தோண்டித் தேடுகின்றோம். வழக்கு எத்தனை ஆண்டு நீண்டாலும், உண்மையான எல்லை எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றது என்பதில் இரு பகுதியாருக்கும் ஐயமில்லை. அதைக் கண்டுபிடிப்பது ஒன்றே பிரச்சினை.

ஆனால், எல்லை என்பதே இல்லாத நிலத்தில் வேலி போடும்படி ஒருவரைப் பணித்தால் அவர் என் செய்வார்? அதுவும், அந்த வேலியைப் பார்த்தே பிறர் பாடம் படிக்கப்போகின்றனர், அந்த வேலியை நம்பியே ஓர் உயிருக்குச் சிகிச்சை நடக்கப்போகின்றது என்றால்?

இத்தகைய பணி இன்று உலகின் பல வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெற்று வருகின்றது. அந்த நிலம் மனித மூளை. வேலி போடுபவர்கள், படங்களைப் பார்த்து நோயை அறியும் கதிரியல் நிபுணர்கள். வேலியைப் பார்த்துப் பாடம் படிக்கும் மாணவன் கணினி. காந்தப் பரிவுப் படத்திலே, அதாவது நாம் எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று வழங்கும் படத்திலே, மூளைக் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று புள்ளி புள்ளியாக அடையாளமிட்டுத் தொகுத்து வைப்பதே அப்பணி. கணினி நோயறிகின்றது என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கின்றோம். அக்கணினிக்குக் கற்பித்தவர் யார், எப்படிக் கற்பித்தார், அவர் கற்பித்தது எவ்வளவு சரி என்பவற்றை அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயன் தரும்.

கரையில்லாத கட்டி

முதலில் நோயின் இயல்பைப் பார்ப்போம். மூளையில் செய்திகளைக் கடத்தும் நரம்புக் கலங்கள் மட்டும் இருப்பதில்லை. அவற்றைத் தாங்கியும் ஊட்டியும் காத்தும் நிற்கும் துணைக் கலங்களும் உள்ளன. அத்துணைக் கலங்களின் வழியில் தோன்றும் கட்டிகளை ‘கிளையோமா’ என்பர். அவற்றுள் மிகக் கொடியது ‘கிளையோபிளாஸ்ரோமா’. 2005ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றிலே, கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்ற நோயாளரின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதமாகவும், அதனோடு ‘ரெமோசொலமைட்’ என்னும் மருந்தையும் பெற்றோரின் காலம் 14.6 மாதமாகவும் இருந்தன. இரண்டரை மாதம்! அந்த இரண்டரை மாதமே பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது என்றால், நோயின் கடுமையைச் சொல்லவும் வேண்டுமா?

இக்கொடுமைக்குக் காரணம் யாது? கட்டிக்குக் கரை இல்லாமையே. உடலின் வேறு பல பாகங்களில் தோன்றும் கட்டியை, அதைச் சுற்றிச் சிறிது நல்ல தசையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். மூளையில் அது இயலாது. நல்ல பகுதியைச் சிறிது வெட்டினாலும் பேச்சோ, பார்வையோ, கையசைவோ போய்விடலாம். கட்டியின் கலங்களோ, ஈரத் துணியில் விழுந்த மைத்துளி பரவுவதுபோல, நல்ல இழையத்தினூடே தனித்தனியாக ஊர்ந்து செல்கின்றன. நடுவிலே மை கறுப்பாகத் தெரிகின்றது. ஓரத்திலே மங்கி மங்கி, எங்கே மை முடிந்தது, எங்கே வெறுந்துணி தொடங்கியது என்று சொல்லமுடியாமல் போய்விடுகின்றது.

இந்த உண்மையை மருத்துவ உலகம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. அமெரிக்காவிலே, பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய வோல்ற்றர் டான்டி என்னும் பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1928இல் துணிகரமான ஒரு முயற்சியைப் பற்றி எழுதினார். கட்டியால் ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்துபோன நோயாளர் சிலருக்கு, மூளையின் வலப்பாதி முழுவதையுமே அவர் அகற்றினார். பாதி மூளையையே எடுத்துவிட்டால் கட்டி எங்கே ஒளியும் என்பது அவர் எண்ணம். ஆயினும் நோய் மீண்டது. கத்தி எட்டாத இடத்துக்கு அதன் கலங்கள் முன்பே சென்றுவிட்டிருந்தன.

ஆகவே, படத்தில் வரையப்படும் கோடு, கட்டி முடிகின்ற இடத்தைக் காட்டும் கோடு அன்று. கட்டி நம் கண்ணுக்குத் தெரியாமற் போகின்ற இடத்தைக் காட்டும் கோடு. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஒரு தலை, நான்கு படங்கள்

நம் உடலில் எங்கும் நிறைந்துள்ள நீரில் ஐதரசன் அணுக்கள் உள்ளன. வலிய காந்தத்தினுள் ஒருவரைக் கிடத்தி, வானொலி அலைகளை ஏவி நிறுத்தினால், அவ்வணுக்களின் கருக்கள் கலங்கிப் பின்னர் தம் பழைய நிலைக்கு மீளுகின்றன. மீளும்போது அவை தரும் மெல்லிய சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குவதே காந்தப் பரிவு முறை. இதனை உருவாக்கியமைக்காக அமெரிக்கராகிய போல் லோற்றர்பரும் ஆங்கிலேயராகிய பீற்றர் மான்ஸ்பீல்டும் 2003ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

அணுக்கள் மீளும் வேகம் இழையத்துக்கு இழையம் மாறுபடும். எந்த மாறுபாட்டை அழுத்திக் காட்டுவது என்பதைப் பொறுத்து, ஒரே தலையைப் பலவிதமாகப் படம் பிடிக்கலாம். மூளைக் கட்டியை ஆராய்வோர் பொதுவாக நான்கு வகைப் படங்களைக் கொள்கின்றனர்.

முதலாவது ‘ரி-1’ என்பது. மூளையின் அமைப்பை இது தெளிவாகக் காட்டும். இரண்டாவது, ‘கடோலினியம்’ என்னும் மூலகம் சேர்ந்த மருந்தை நாளத்தில் ஏற்றியபின் எடுக்கும் ரி-1 படம். குருதியிலுள்ள கண்ட பொருளெல்லாம் மூளைக்குள் நுழையாதவாறு மூளையின் குருதிக்குழாய்ச் சுவர்கள் காவல் காக்கின்றன. கொடிய கட்டி வளர்ந்த இடத்தில் அக்காவல் சீர்குலைந்துவிடும். அங்கே மருந்து கசிந்து, படத்தில் வெண்மையாக ஒளிரும். மூன்றாவது ‘ரி-2’ படம். இதில் நீர் மிகுந்த இடமெல்லாம் வெளுத்துத் தோன்றும். நான்காவது ‘பிளேயர்’ என்பது. 1990களின் தொடக்கத்தில் லண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் உருவான இம்முறை, மூளையின் அறைகளில் இயல்பாக உள்ள நீரை இருளச் செய்து, நோயால் வந்த நீர்வீக்கத்தை மட்டும் வெளுப்பாகக் காட்டும்.

இந்நான்கில் ஒன்றேனும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நான்கு சாட்சிகளையும் ஒருங்கே விசாரித்தே தீர்ப்புக் கூறவேண்டும். ‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் நம் முதுமொழி இங்கே எத்துணைப் பொருத்தம்!

அடையாளமிடும் விதம்

2012ஆம் ஆண்டிலே, மருத்துவப் படங்களை ஆராயும் அறிஞர்களின் அனைத்துலக மாநாடு பிரான்சின் நீஸ் நகரில் கூடியபோது, ‘பிராற்ஸ்’ எனப்படும் போட்டி ஒன்று தொடங்கியது. மூளைக் கட்டியைப் படத்தில் பிரித்துக் காட்டும் கணினி முறைகளுள் சிறந்தது எது என்று அறிவதே அதன் நோக்கம். போட்டி என்றால் விடைத்தாளைத் திருத்துவதற்குச் சரியான விடை வேண்டுமல்லவா? அவ்விடையை மனிதர்கள் தாமே கையால் வரைந்து ஆயத்தஞ் செய்தனர்.

ஒவ்வொரு தலைப்படமும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்படும். 2021ஆம் ஆண்டின் தொகுதியிலுள்ள படம் ஒவ்வொன்றும் அகலத்தில் 240, நீளத்தில் 240, உயரத்தில் 155 என்ற கணக்கில் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம். பெருக்கிப் பார்த்தால் ஒரு படத்தில் 89 இலட்சத்து 28 ஆயிரம் கட்டங்கள்! அவற்றுள் ஒவ்வொன்றும் நலமானதா, நோயுற்றதா, நோயுற்றதாயின் எவ்வகை என்று ஓர் இலக்கம் பெறுகின்றது.

தொடக்க ஆண்டுகளில் நடைமுறை இவ்வாறிருந்தது. நிபுணர் முதலில் ரி-2 படத்தில் வெளுத்த பகுதி முழுவதையும் சுற்றி வரைவார். பிளேயர் படத்தைப் பார்த்து, மூளை அறைகளின் நீரைத் தவறுதலாகச் சேர்த்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வார். அதன்பின் அந்தப் பரப்பினுள்ளே கட்டியின் திண்ணிய உடலைப் பிரிப்பார். அதற்கும் உள்ளே மருந்து ஏறி ஒளிரும் வளையத்தைக் குறிப்பார். வளையத்தின் நடுவில் உணவும் உயிர்வளியும் எட்டாமல் மாண்டுபோன இழையம் இருளாகக் கிடக்கும். அதைத் தனியே குறிப்பார். எல்லாவற்றையும் கழித்தபின் எஞ்சும் திண்ணிய பகுதி, கட்டியாயினும் ஒளிராத பகுதி. இவ்வாறு வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல வெளியிலிருந்து உள்நோக்கிச் சென்று, மூன்று தளங்களுக்கு ஒரு தளம் வீதம் வரைந்து, இடைப்பட்டவற்றைக் கணினியின் துணையால் நிரப்பி, மீண்டும் கண்ணால் சரிபார்த்துத் திருத்துவார். ஒரு நோயாளரின் படத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றது.

கேட்பதற்கு இலகுவாகத் தோன்றலாம். ஆனால் வழியெங்கும் பொறிகள் உண்டு. கட்டியின் அருகே ஓடும் நல்ல குருதிக்குழாயும் மருந்து ஏறி ஒளிரும். பழைய குருதிக் கசிவு மருந்து ஏற்றாத படத்திலேயே வெண்மையாகத் தோன்றும். ஆகவே மருந்துக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பாராதவர் குருதியைக் கட்டி என்று மயங்குவர். கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் மூளையிலோ, சிகிச்சையின் விளைவே கட்டி வளர்ந்ததுபோலத் தோன்றிப் பின்னர் தானாக அடங்குவதுமுண்டு.

நிபுணர்கள் ஒத்துப்போனார்களா?

இப்போது நாம் முக்கியமான கேள்விக்கு வருகின்றோம். ஒரே படத்தை இரு நிபுணரிடம் தனித்தனியே கொடுத்தால், இருவரும் ஒரே கோட்டை வரைவார்களா?

ஒத்துப்போதலை அளப்பதற்கு ஓர் அளவை உண்டு. அதனை ‘டைஸ்’ அளவு என்பர். அது மருத்துவத்தில் பிறந்ததன்று. லீ டைஸ் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர், இரு உயிரினங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து காணப்படுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட 1945இல் அதனை எழுதினார். 1948இல் டென்மார்க்கின் தாவரவியலறிஞர் சோரன்சன், செடிகொடிகளின் கூட்டங்களை ஒப்பிட அதே கணக்கைத் தாமும் எடுத்தாண்டார். காட்டில் பிறந்த கணக்கு இன்று மூளையை அளக்கின்றது!

கணக்கு எளியதே. ஒருவர் 1,000 கட்டங்களைக் கட்டி என்று குறிக்கின்றார். மற்றவரும் 1,000 குறிக்கின்றார். இருவருக்கும் பொதுவானவை 800. பொதுவானதை இரண்டால் பெருக்கி, இருவரும் குறித்தவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 1,600இன் கீழ் 2,000, அதாவது 80 சதவீதம். முற்றாக ஒத்தால் 100. சற்றும் ஒவ்வாவிட்டால் சுழியம்.

பிராற்ஸ் போட்டியைப் பற்றி 2015இல் வெளியான பெரும் அறிக்கை, 65 நோயாளர் படங்களை அடிப்படையாகக் கொண்டது. அவற்றை நிபுணர் நால்வர் வரையில் பார்த்து அடையாளமிட்டனர். கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் அவர்களுக்குள்ளே இருந்த ஒற்றுமை 74 முதல் 85 சதவீதம் வரையே! அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், கவனக்குறைவானவர்களும் அல்லர். எல்லையில்லாத இடத்தில் எல்லை வரையச் சொன்னால் நேர்வது அதுதான். மைத்துளியின் மங்கிய ஓரத்தில் ஒருவர் ஒரு மில்லிமீற்றர் உள்ளே நின்றார். மற்றவர் ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றார். அவ்வளவே.

அவ்வளவே என்று கூறினோம். அந்த ஒரு மில்லிமீற்றர் என்ன செய்யும் என்பதைக் கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீற்றர் உள்ள கனசதுர வடிவான கட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் 27,000 கட்டங்கள். ஒருவர் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீற்றர் கூட்டி வரைந்தால் 32,768 கட்டங்கள். இரண்டுக்குமுள்ள ஒற்றுமை 90 சதவீதம். நன்று. இப்போது பக்கம் 3 மில்லிமீற்றர் உள்ள சிறு கட்டியை எடுப்போம். அதில் 27 கட்டங்கள். அதே ஒரு மில்லிமீற்றர் கூட்டினால் 125. ஒற்றுமையோ 36 சதவீதத்தையும் எட்டவில்லை! பிழை ஒன்றே. பெரிய கட்டியில் அது பாராட்டுப் பெறுகின்றது. சிறிய கட்டியில் தோல்வி எனப்படுகின்றது. ஆகவேதான், இரு கோடுகள் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று அளக்கும் பிறிதோர் அளவையையும் துணையாகக் கொள்கின்றனர். அது ஜேர்மானியக் கணிதமேதை பீலிக்ஸ் ஹவுஸ்டோர்பின் பெயரால் வழங்குகின்றது.

நிபுணர்கள் மாறுபட்டால் தீர்ப்பு யார் கூறுவது? ஊர்ப் பஞ்சாயத்தின் வழியே இங்கும் கையாளப்பட்டது. பெரும்பான்மையோர் எதைச் சொன்னாரோ அதுவே விடை. 2004ஆம் ஆண்டு முதல் இதனினும் நுட்பமான முறையொன்றும் உள்ளது. அது ஒவ்வொருவரின் கணிப்பும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, பொதுவான விடையைக் காணும். இன்னுமொரு செய்தி சுவையானது. 2015ஆம் ஆண்டின் அறிக்கையில் ஒப்பிடப்பட்ட 20 கணினி முறைகளுள் எல்லாப் பகுதிகளிலும் முதலிடம் பெற்றது எதுவுமில்லை. ஆனால் சிறந்த பலவற்றைச் சேர்த்து வாக்கெடுத்தபோது, அக்கூட்டு விடை தனித்தனி முறைகள் எல்லாவற்றையும் வென்றது. கூடிச் செய்யும் தீர்ப்பின் வலிமை இயந்திரத்துக்கும் பொருந்துகின்றது போலும்!

நாலாம் இலக்கத்தின் கதை

கோட்டை வரைந்தால் மட்டும் போதாது. வரைந்த பகுதிக்கு இட்ட இலக்கம் எதைக் குறிக்கின்றது என்பதையும் எழுதி வைக்கவேண்டும். இதில் நேரக்கூடிய விபரீதத்துக்குப் பிராற்ஸ் தொகுதியின் வரலாறே நல்ல உதாரணம்.

தொடக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருந்தன. மாண்ட இழையம் 1. நீர்வீக்கம் 2. ஒளிராத கட்டி 3. ஒளிரும் கட்டி 4. காலம் செல்லச் செல்ல மூன்றாம் இலக்கத்தில் ஐயம் எழுந்தது. ஒளிராத கட்டிக்கும் நீர்வீக்கத்துக்கும் வேறுபாடு காண்பது மிகக் கடினம். அடையாளமிடுவோர் அதனைத் தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக வரைந்துவிடக்கூடும் என்றும், படத்தில் அதற்குத் தக்க சான்று பெரும்பாலும் இல்லை என்றும் கண்டனர். ஆகவே 2017இல் 3ஐ நீக்கி 1உடன் சேர்த்துவிட்டனர். எஞ்சியவை 1, 2, 4. நடுவே ஓர் இலக்கம் காலி.

2023இல் அக்காலி இடத்தை நிரப்பினர். ஒளிரும் கட்டி 4 என்பதை விட்டு 3 ஆயிற்று. 2024இல், சிகிச்சை பெற்றபின் எடுத்த படங்களுக்கெனத் தனிப் போட்டி நடந்தது. சத்திரசிகிச்சையில் கட்டியை எடுத்தபின் மூளையில் எஞ்சும் வெற்றிடத்துக்கு ஓர் இலக்கம் வேண்டியிருந்தது. கொடுக்கப்பட்டது எது தெரியுமா? அதே 4!

நேயர்களே, இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். 2021ஆம் ஆண்டின் தொகுதியிலே 4 என்றால் உயிரோடு வளரும் கட்டி. 2024ஆம் ஆண்டின் தொகுதியிலே 4 என்றால் கட்டி எடுக்கப்பட்டபின் உள்ள குழி. இரண்டு தொகுதிகளையும் கவனியாமல் ஒன்றாகச் சேர்த்துக் கணினிக்குக் கற்பிக்கும் மாணவன், நோயையும் நோய் நீங்கிய இடத்தையும் ஒன்றென்று கற்பித்தவனாகின்றான். கணினி முறைப்பாடு செய்யாது, சொன்னதைக் கற்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தொகுதியை வெளியிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இலக்கங்களின் பொருளை எழுதியே வைத்தனர். ஆயினும் எழுதி வைப்பது ஒருவர் கடமையாயின், படித்துப் பார்ப்பது மற்றவர் கடமையன்றோ?

கோட்டை நம்பி நிற்பவை

இக்கோடுகளால் நோயாளருக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். கதிர்ச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். படத்தில் தெரியும் கட்டியைச் சுற்றி வரைந்தபின், கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்த கலங்களையும் கருதி, ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை சேர்த்தே கதிரைப் பாய்ச்சுகின்றனர். முதற்கோடு தவறினால் அதன்மேல் எழும் எல்லாம் தவறும். உள்ளே தவறினால் நோய் தப்பும். வெளியே தவறினால் நல்ல மூளை எரியும்.

மருந்தின் பயனை அளப்பதிலும் அவ்வாறே. 2010ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகளின்படி, ஒளிரும் பகுதியின் மிக நீண்ட அளவையும் அதற்குச் செங்குத்தான அளவையும் பெருக்குவர். அப்பெருக்கம் 25 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் நோய் முற்றிவிட்டது எனக் கொள்ளலாம். 40க்கு 30 மில்லிமீற்றர் என்றால் 1,200. அடுத்த முறை 45க்கு 34 என்றால் 1,530. காற்பங்குக்கு மேல் கூடிவிட்டது! ஒரு பக்கம் ஐந்து மில்லிமீற்றர், மறு பக்கம் நான்கு மில்லிமீற்றர். இது கட்டி வளர்ந்ததால் வந்ததா, கோடு வரைந்தவர் மாறியதால் வந்ததா? இக்கேள்விக்கான விடையில் ஒருவரின் மருந்து தொடர்வதும் நிற்பதும் தங்கியிருக்கின்றது.

இங்கேதான் கணினியின் உண்மையான பயன் இருக்கின்றது. மனிதனைவிட அது அறிவுடையது என்பதால் அன்று. ஒரே படத்தை இன்றும் நாளையும் கொடுத்தால் ஒரே கோட்டையே அது வரையும். களைப்பில்லை, அவசரமில்லை. ஆயினும் அதன் தீங்கும் அதே இடத்திலேயே உள்ளது. தவறாகக் கற்றிருந்தால், அத்தவற்றையும் களைப்பின்றி, மாறாமல் செய்துகொண்டேயிருக்கும்.

யாருடைய மூளை?

2015ஆம் ஆண்டின் அறிக்கையில் 65 ஆக இருந்த தொகுதி, 2021இல் 2,040 நோயாளரின் படங்களாகப் பெருகியது. இத்தனையையும் வெறுங்கையால் வரைவது இயலாது. ஆகவே முந்திய ஆண்டுகளில் வென்ற கணினி முறைகளே முதற்கோட்டை வரைந்தன. தாமாக முன்வந்த கதிரியல் நிபுணர்கள் அதனைத் திருத்தினர். அனுபவம் முதிர்ந்த நிபுணர்கள் அதனை மீண்டும் பார்த்து ஒப்புதல் அளித்தனர். நல்ல ஏற்பாடு. எனினும் இதில் ஓர் எச்சரிக்கை தேவை. வெறுந்தாளில் வரைபவரின் கண் ஒன்று. போட்ட கோட்டைத் திருத்துபவரின் கண் மற்றொன்று. ஏற்கெனவே வரைந்திருக்கும் கோடு, ‘நான் சரிதானே!’ என்று பார்ப்பவரை இழுக்கும் வல்லமை உடையது.

மற்றொரு குறையும் உணரப்பட்டது. தொகுதியிலுள்ள படங்கள் பெரும்பாலும் வசதி மிக்க நாடுகளின் வலிய காந்தங்களில் எடுக்கப்பட்டவை. வறிய நாடுகளில் காந்தம் வலிமை குறைந்தது, படம் மங்கலானது, நோயாளரும் நோய் முற்றியபின்னரே வைத்தியசாலைக்கு வருகின்றனர். பளிச்சென்ற படங்களில் கற்ற கணினி, மங்கலான படத்தில் தடுமாறாதா? இதை எண்ணியே 2023இல், ஆபிரிக்காவுக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. நைஜீரியாவின் வைத்தியசாலைகளில் எடுத்த படங்கள் அடையாளமிடப்பட்டுச் சேர்க்கப்பட்டன. யாருடைய படம் தொகுதியில் இல்லையோ, அவருடைய நோயைக் கணினி கண்டதில்லை என்பதே பொருள். நம் போன்ற நாடுகளும் கருதவேண்டிய செய்தி இது.

இப்படங்களில் எவருடைய பெயரும் இல்லை. பெயரை மட்டுமன்றி, மண்டையோட்டையும் முகத்தோலையும் படத்திலிருந்து நீக்கிவிடுகின்றனர். மூளையை மட்டும் ஆராய்வதற்கு அது உதவுகின்றது. இத்தகைய படத்திலிருந்து ஒருவரின் முகத்தையே மீள உருவாக்கிவிடலாம் என்பதால், அவர் யார் என்பதை மறைப்பதற்கும் அது உதவுகின்றது. எஞ்சியிருப்பது முகமும் பேரும் இல்லாத மூளை ஒன்று. மேலே கூறிய ஆயுட்கணக்கை நினைத்தால், தொடக்க ஆண்டுகளின் படங்களுக்கு உரியவர்களிற் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை என்றே கருதவேண்டும். அவர்கள் விட்டுச்சென்ற நிழல்களைக் கொண்டே இன்று பிறருக்கு வைத்தியம் கற்பிக்கப்படுகின்றது. அந்நிழலின்மேல் கோடு வரைபவர், தாம் ஒரு படத்தை வரைகின்றோம் என்று எண்ணாமல், ஒருவர் விட்டுச்சென்ற கொடையைக் கையாளுகின்றோம் என்று எண்ணுவாராயின், அவர் கை சற்றே நிதானிக்கும்.

வீட்டாருக்கும் மாணவருக்கும்

குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் வந்து, கணினி அளந்த அளவொன்று வைத்திய அறிக்கையில் காணப்பட்டால், அதனை வேதவாக்காகவும் கொள்ளவேண்டாம். வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். “இந்த அளவை நிபுணர் ஒருவர் தம் கண்ணால் பார்த்தாரா? முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டாரா?” என்று பணிவோடு கேளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் அக்கேள்விக்குச் சினங்கொள்ளார்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினிக்குக் கற்பிக்கும் துறையை நாடிச் செல்லும் இளைஞர்கள் பலர், புதிய முறையை ஆக்குவதையே பெரும்பணி என்று எண்ணுகின்றனர். அதற்கு முன்னே, இருண்ட அறையில் அமர்ந்து, நான்கு படங்களை மாறி மாறிப் பார்த்து, ‘இவ்விடம் கட்டி, இவ்விடம் வீக்கம், இவ்விடம் எனக்கு நிச்சயமில்லை’ என்று குறித்தவர் ஒருவர் இருக்கின்றார். மூன்றாவதாக அவர் சொன்னதை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். நிபுணர் இருவர் எங்கே மாறுபட்டனர் என்பதும் ஓர் அறிவே. அதனையும் குறித்து வைத்துக் கற்பித்தால், கணினியும் ஒருநாள், ‘இவ்விடம் எனக்கு நிச்சயமில்லை, நீங்களே பாருங்கள்’ என்று வைத்தியரிடம் சொல்லப் பழகும்.